எடை குறைந்தபின் மிஞ்சும் வயிற்றுத் தோல்: காத்திருப்பதா, வெட்டுவதா, வெட்டினால் எவ்வளவு?

எடை குறைப்புக்காக இரைப்பையிலோ குடலிலோ செய்யும் பேரியாட்ரிக் அறுவை சிகிச்சையாலோ, ஊசி மருந்தாலோ, கட்டுப்பாடான உணவாலோ நாற்பது ஐம்பது கிலோ குறைத்தவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். சர்க்கரை இறங்கிவிட்டது, மூட்டு வலி தணிந்துவிட்டது, மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடிகிறது. ஆனால் அடிவயிற்றில் தோல் மடிந்து தொங்குகிறது. ஒரு மருத்துவர் வயிற்றுத் தோலை வெட்டித் தசையையும் இறுக்கும் டம்மி டக் போதும் என்கிறார், இன்னொருவர் இடுப்பைச் சுற்றி வெட்டினால்தான் சரியாக வரும் என்கிறார், அழகு சிகிச்சை நிலையம் கத்தியே வேண்டாம், கருவியால் இறுக்கிவிடலாம் என்கிறது, வீட்டிலோ "உடம்பு குறைஞ்சதே பெரிசு, இதுக்கு மேல எதுக்கு இந்த வேலை?" என்று கேட்கிறார்கள். இந்த நான்கு குரல்களுக்கு நடுவே முடிவெடுக்க முடியாமல் எழுதிக் கேட்கும் வாசகர்களுக்காக, வயிற்றுத் தோலை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் இங்கே எடைபோடுகிறேன். கை, தொடை பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உடற்பயிற்சியால் இந்தத் தோல் உள்ளே போய்விடாதா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடலாம். தோலுக்கு இழுவிசை தரும் கொலாஜன், எலாஸ்டின் இழைகள் ஆண்டுக்கணக்கில் விரிந்து நின்றதால் சேதமடைந்தவை. பயிற்சி, அடியில் இருக்கும் தசையை வலுவாக்கும். மேலே இருக்கும் தோலைச் சுருக்காது. இளம் வயதில் பதினைந்து கிலோ குறைத்தவருக்குத் தோல் ஓரளவு பின்வாங்கலாம். நடு வயதில், இரண்டு மூன்று பிரசவங்களுக்குப் பிறகு, ஐம்பது கிலோ குறைத்தவருக்கு அது நடப்பதில்லை. அது அவருடைய முயற்சியில் உள்ள குறை அல்ல என்பதை அவரும் அவர் வீட்டாரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

## எதை வைத்து அளப்பது

தொந்தரவின் இயல்பு. எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் அளவுகோல் இதுதான். பலரும் இதைத் தாண்டி நேராக அறுவை சிகிச்சையின் பெயருக்குப் போய்விடுகிறார்கள். மடிப்புக்கு அடியில் வியர்வை தேங்கி, தோல் சிவந்து, அரித்து, பூஞ்சைத் தொற்றும் துர்நாற்றமும் வருவது ஒரு வகை. புடவை கட்டுகிறவர்களுக்குப் பாவாடை நாடாவை எங்கே கட்டுவது என்பதே தினசரிப் பிரச்சினை: மேலே கட்டினால் மடிப்பு முழுவதும் நாடாவுக்குக் கீழே பிதுங்கி நிற்கும்; கீழே கட்டினால் நாடா மடிப்பின் அடியில் புதைந்து ஈரத் தோலை அறுக்கும்; காலையில் போட்ட பவுடர் பத்து மணிக்குள் வியர்வையில் குழைந்து சிறு உருண்டைகளாகி, அவையே உராயத் தொடங்கும். இரண்டாவது வகை, தோலுக்கு உள்ளே நடுத்தசைகள் விலகி, எடை குறைந்தும் வயிறு முன்தள்ளியே நிற்பது. மூன்றாவது வகை, கண்ணாடி முன் நிற்கும்போது வரும் வேதனை. இதை அற்பக் காரணமாக நான் கருதவில்லை; இவ்வளவு உழைத்த உடம்பைத் தன்னுடையதாக உணர விரும்புவது நியாயமானது. ஆனால் இந்த மூன்றில் உங்களுடையது எது என்பதைப் பொறுத்துத் தேவைப்படும் அறுவை சிகிச்சை மாறும். காப்பீட்டு நிறுவனத்தின் பதிலும் மாறும்.

தொங்கும் மடிப்பை மருத்துவர்கள் ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அந்தரங்க உறுப்புப் பகுதியின் முடி வரம்பைத் தொட்டால் முதல் நிலை, அப்பகுதியை முழுவதும் மூடினால் இரண்டு, தொடையின் மேற்பகுதியை எட்டினால் மூன்று, தொடையின் நடுவை எட்டினால் நான்கு, முழங்காலையோ அதற்குக் கீழேயோ எட்டினால் ஐந்து. உங்கள் நிலை எது என்று மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

எடை ஓரிடத்தில் நின்றிருக்கிறதா. பேரியாட்ரிக் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு கடந்திருக்க வேண்டும். அதில் கடைசி மூன்று முதல் ஆறு மாதங்களாவது எடை பெரிதாக ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. எண் 30க்குக் கீழே இருப்பது நல்லது. 35க்கு மேலே போனால் காயம் ஆறாமல் போவது, தொற்று, ரத்தக் கட்டு எல்லாமே கூடுகின்றன. 2025இல் எடை குறைக்கும் மௌன்ஜாரோ, வீகோவி ஊசிகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்த பிறகு இதில் இன்னொரு கேள்வி சேர்ந்திருக்கிறது. ஊசியை நிறுத்தினால் எடை திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால், தொடர்வதா நிறுத்துவதா என்ற முடிவு தெளிந்த பிறகே தோலை வெட்டுவது பற்றி யோசிக்க வேண்டும். இந்த மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதால், ஊசி போடுவதை மயக்க மருந்து மருத்துவரிடம் மறைக்கக் கூடாது.

ரத்தமும் சத்தும். என் கருத்தில், எந்த அறுவை சிகிச்சை என்பதைவிட, எந்த நிலையில் உள்ள உடம்பின் மீது அது செய்யப்படுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமல் போவதால் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது குறைகிறது. இரைப்பையைச் சிறிதாக்கியவர்களுக்கு பி12 குறைவதும் சகஜம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இது இன்னும் கூடுதல். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கும் ஒரு பெண், பெரிய அளவில் ரத்தம் இழக்கக்கூடிய அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கும் முன், இரும்பு, பி12, ஃபோலேட், வைட்டமின் டி, ரத்தத்தில் உள்ள புரதமான அல்புமின் ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். புரதமும் அப்படியே. நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்பது பேரியாட்ரிக் நோயாளிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதமும் சாம்பாரும், இரவில் ஒரு தோசை என்று சாப்பிடுகிற, முட்டையும் தொடாத ஒருவர் அதன் பாதியை எட்டுவதே கடினம். நீண்ட தையல் ஆறுவதற்கு வேண்டிய மூலப்பொருள் இந்தப் புரதம்தான். சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். புகையும், நிகோடின் உள்ள வேறு எதுவும், அறுவைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்கள் இருக்கக் கூடாது. இந்த விஷயத்தில் பொய் சொன்னால் விலை கொடுப்பது தோலின் ரத்த ஓட்டம். விளிம்பு கறுத்து அழுகிப்போகும்.

தழும்பு, வீட்டுத் துணை, பணம். எந்த அறுவை சிகிச்சையும் தோலை எடுத்துக்கொண்டு தழும்பைத் தருகிறது. நம்மைப் போன்ற கருந்தோல் உள்ளவர்களுக்குத் தழும்பு தடித்து எழும்பும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சிசேரியன் தழும்போ காது குத்திய இடமோ தடித்திருந்தால் அதை மருத்துவரிடம் காட்டுங்கள். கூடவே, சில வாரங்கள் குடம் தூக்காமல், குழந்தையை இடுப்பில் வைக்காமல், குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்தாமல் இருக்க உங்கள் வீடு இடம் தருமா என்றும் பாருங்கள்.

## வெட்டாமல் சமாளிப்பது

இதை ஒரு வழியாகவே பலர் எண்ணுவதில்லை. எனக்கோ, முதல் ஆறு மாதங்களுக்கு இதுவே எல்லோருக்குமான வழி. மடிப்பை நாளுக்கு இருமுறை கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, முழுவதும் உலர்ந்த பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியை மடித்து இடையில் வைப்பது, நனைந்தால் மாற்றுவது, தொற்று வந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த கிரீமைத் தவிர்த்துத் தோல் மருத்துவர் எழுதும் பூஞ்சை மருந்தைப் பூசுவது, மேல்நோக்கித் தாங்கும் இறுக்கமான உள்ளாடை அணிவது ஆகியவை இதில் அடங்கும். முதல் நிலை, இரண்டாம் நிலை மடிப்பு உள்ள பலருக்கு இதுவே போதுமாகிவிடுகிறது.

எடை இன்னும் குறைந்துகொண்டிருப்பவர், இனி குழந்தை பெற நினைப்பவர், ரத்தச்சோகை தீராதவர், புகையை விட முடியாதவர் ஆகியோருக்கு இதுவே சரியான தேர்வு. இதன் மறைவான செலவு, முடிவே இல்லாத பராமரிப்பு. கோடையில் மூன்று மாதம் புண்ணோடு இருந்து, தோல் கெட்டித்து, காய்ச்சலுடன் சிவந்து வீங்கும் தொற்று திரும்பத் திரும்ப வருகிறவர் பொறுமை காப்பதில் பயனில்லை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ஒவ்வொரு முறையும் தோல் மருத்துவரின் சீட்டையும் தேதியிட்ட புகைப்படத்தையும் வைத்திருங்கள். பின்னால் காப்பீட்டுக்கு இவையே சான்று.

## கருவியால் இறுக்குவது

ரேடியோ அலைக் கருவிகளும் அல்ட்ராசவுண்ட் கருவிகளும் தோலைச் சூடாக்கிக் கொஞ்சம் சுருங்கச் செய்கின்றன. லேசான தளர்வுக்கு அது பயன்படும். கையால் பிடித்துத் தூக்கக்கூடிய மடிப்பை எந்தக் கருவியும் இல்லாமல் ஆக்காது. பல தவணைகளாகப் பணம் கட்டிய பிறகு பலர் அறுவை மருத்துவரிடம்தான் வந்து சேர்கிறார்கள். கொழுப்பை உறிஞ்சும் லைப்போசக்ஷனை மட்டும் தனியாகச் செய்தால், உள்ளிருந்த கொழுப்பும் போய்த் தளர்ந்த தோல் இன்னும் தொங்கும். ஐம்பது கிலோ குறைத்தவர்களுக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## பானிகுலெக்டமி: தொங்கும் பகுதியை மட்டும் எடுப்பது

1899இல் அமெரிக்காவில் ஹோவர்ட் கெல்லி பதிவுசெய்த அறுவை சிகிச்சையின் நேரடி வாரிசு இது. அடிவயிற்றில் குறுக்கே வெட்டி, தொங்கும் தோலையும் கொழுப்பையும் எடுத்துவிட்டுத் தைப்பார்கள். தசையைத் தைப்பதில்லை; மேல்வயிற்றுத் தோலைத் தசையிலிருந்து பெரிதாகப் பிரிப்பதும் இல்லை. தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அதனால் பெரும்பாலும் தப்பிக்கின்றன, நேரமும் குறைவு.

புண்ணும் தொற்றும்தான் உங்கள் பிரச்சினை என்றால், மடிப்பு மூன்றாம் நிலையிலோ அதற்கு மேலோ இருந்தால், பி.எம்.ஐ. இன்னும் 30க்கு மேலே நின்றுவிட்டதென்றால், அல்லது இதய நோய் போன்றவற்றால் நீண்ட மயக்கம் கூடாது என்றால், இதுவே ஏற்றது. ஐம்பத்தெட்டு வயதில், நடக்கும்போது தொடையில் இடிக்கும் மடிப்போடு வாழும் ஒருவருக்கு இது தரும் விடுதலை பெரியது.

ஆனால் தட்டையான வயிற்றை இது தராது. மேல்வயிற்றுத் தளர்வு அப்படியே இருக்கும்; தொப்புள் கீழே இறங்கும் அல்லது சிலருக்கு எடுக்கப்பட்டுவிடும்; இரு பக்கமும் தோல் முடிச்சுப்போலப் பிதுங்கி நிற்கலாம். இதை முன்பே சொல்லாமல் செய்யும்போதுதான் மனத்தாங்கல் வருகிறது. மடிப்பு பெரிதாக இருப்பவர்களுக்கு நிணநீர் தேங்கும் செரோமாவும் தையல் பிரிவதும் இதிலும் நடக்கும். "சின்ன ஆபரேஷன்" என்ற சொல்லை நம்ப வேண்டாம்.

## டம்மி டக்: தோலோடு தசையையும் சரிசெய்வது

இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை வெட்டி, தோலை விலா எலும்பின் விளிம்பு வரை தசையிலிருந்து பிரித்து, விலகிய நடுத்தசைகளைச் சேர்த்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்து மிஞ்சியதை வெட்டி, தொப்புளுக்குப் புதிய துளையிட்டு வெளியே கொண்டுவருவது இது. வயிறு முன்தள்ளல்தான் உங்கள் குறை என்றால் வேறு எதுவும் இதற்கு ஈடாகாது. தொப்புள் குடலிறக்கம் இருந்தால் பலருக்கு அதையும் சேர்த்துச் சரிசெய்ய முடியும்.

பெருமளவு எடை குறைத்தவர்களுக்குத் தோல் மேலிருந்து கீழாக மட்டுமல்ல, பக்கவாட்டிலும் மிஞ்சியிருக்கும். குறுக்கு வெட்டு மட்டும் போட்டால் இடுப்பு அகலமாகவே நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு நெஞ்செலும்புக்குக் கீழிருந்து நேராக இன்னொரு வெட்டும் சேர்ப்பதுண்டு. அதற்குப் பூவிதழ் வடிவத்தை ஒட்டி ஃப்ளூர் டி லீஸ் என்று பெயர். வடிவம் நன்றாக வரும். வயிற்றின் நடுவே தலைகீழ் ஆங்கில T எழுத்துப்போன்ற தழும்பு ஆயுளுக்கும் இருக்கும். இரு வெட்டுகளும் சந்திக்கும் இடமே ரத்த ஓட்டம் குறைந்த இடம் என்பதால் காயம் அங்கேதான் தாமதமாக ஆறும். முன்பே திறந்த அறுவை சிகிச்சையால் நடுவயிற்றில் நீளத் தழும்பு உள்ளவர்களுக்கு இதில் இழப்பு குறைவு. அவர்கள் தயங்க வேண்டியதில்லை. புடவைக்கும் ரவிக்கைக்கும் இடையில் தழும்பு தெரியுமே என்று கவலைப்படுகிறவர் குறுக்கு வெட்டோடு நிறுத்திக்கொண்டு, பக்கவாட்டில் கொஞ்சம் தளர்வை ஏற்றுக்கொள்ளலாம்.

வலது விலாவுக்குக் கீழே பழைய பித்தப்பை அறுவை சிகிச்சையின் சாய்ந்த தழும்பு இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். தோலைப் பிரித்து இழுக்கும்போது அந்தத் தழும்புக்குக் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் போய்ச் சேராமல் போகலாம். இன்னும் குழந்தை வேண்டும் என்றால் இந்த அறுவையைத் தள்ளிப்போடுங்கள். கர்ப்பம் ஆபத்தாகிவிடாது, ஆனால் தைத்த தசையும் இழுத்த தோலும் மறுபடி விரிந்துவிடும்.

## சுற்று பாடி லிஃப்ட்: இடுப்பை முழுவதும் வளைத்து எடுப்பது

வயிறு, பக்கங்கள், முதுகின் கீழ்ப்பகுதி, பிட்டம், தொடையின் வெளிப்புறம் ஆகியவற்றை ஒரே வளையமாகச் சரிசெய்யும் ஒரே வழி இது. பின்பக்கம் தோல் தொங்குகிறவருக்கு டம்மி டக் மட்டும் செய்தால் முன்பக்கம் இறுகிப் பக்கங்களில் தோல் குவிந்து நிற்கும் என்பது உண்மை. ஆகவே இதைப் பரிந்துரைக்கும் மருத்துவரை வியாபாரி என்று எண்ணிவிட வேண்டாம்.

இதன் விலையும் இதே அளவுக்குப் பெரியது. மேசையில் குப்புறவும் மல்லாந்தும் திருப்பிப் போட்டுப் பல மணி நேரம் செய்யப்படுகிறது. ரத்த இழப்பு கூடுதல். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இங்கே அதிகம். அன்று மாலையே எழுப்பி நடக்க வைப்பதும் ரத்தம் உறையாமைக்கு ஊசி போடுவதும் இதனால்தான். கருத்தடை மாத்திரையோ ஹார்மோன் மாத்திரையோ எடுப்பவர்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். முன்தையல் பிரியாமல் இருக்க முன்னால் குனிய வேண்டும், குனிந்தால் பின்தையல் இழுபடும். உட்கார்வதும் எழுவதும் சில வாரங்களுக்கு வேதனைதான்.

வயது குறைவு, வேறு நோயில்லை, ரத்தமும் புரதமும் சரியாக உள்ளன, பி.எம்.ஐ. 30க்குக் கீழே, பின்பக்கத் தளர்வு உண்மையிலேயே தொந்தரவு, ஒரு மாதத்துக்கு மேல் பக்கத்திலேயே இருந்து கவனிக்க ஆள் உண்டு: இத்தனையும் சேர்ந்தால் இதைத் தேர்ந்தெடுக்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும் வயிற்றை முதலில் செய்துவிட்டுப் பின்பக்கத்தைத் தள்ளிவைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

| வழி | எதைத் தீர்க்கும் | எதைத் தீர்க்காது | தழும்பு | அலுவலக வேலைக்குத் திரும்ப |
|---|---|---|---|---|
| வெட்டாமல் சமாளிப்பது | லேசான அரிப்பு, புண் | தொங்கலை | இல்லை | விடுப்பு வேண்டாம் |
| கருவி | மிக லேசான தளர்வு | மடிப்பை | இல்லை | ஓரிரு நாள் |
| பானிகுலெக்டமி | மடிப்பு, தொற்று, பாரம் | தசை விலகல், மேல்வயிறு | அடிவயிற்றில் குறுக்கே | 2 முதல் 4 வாரம் |
| டம்மி டக் | மடிப்பு, தசை விலகல் | முதுகு, பிட்டம் | இடுப்பு முதல் இடுப்பு வரை. சிலருக்கு நடுவிலும் | 2 முதல் 4 வாரம் |
| பாடி லிஃப்ட் | இடுப்பைச் சுற்றிலும் | கை, தொடையின் உட்புறம் | இடுப்பை வளைத்து | 4 முதல் 6 வாரம் |

## பில்லில் வராத செலவுகள்

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது சிலருக்குக் காயத்திலிருந்து நீரை வெளியே வடிக்கும் டிரெயின் குழாய் இருக்கும். நாளொன்றுக்கு வடியும் அளவைக் குறித்து, ஏறத்தாழ 30 மில்லிக்குக் கீழே வந்த பிறகே எடுப்பார்கள். அந்த அளவை யார் பார்ப்பது என்று வீட்டில் முன்பே பேசிவையுங்கள். இறுக்கமான கம்ப்ரெஷன் உடையை ஆறு வாரம் வரை பகலும் இரவும் போட வேண்டியிருக்கும். மாற்றிக் கட்ட இரண்டாவது உடையும் வாங்க வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் அந்த உடைக்குள் இருப்பது கொடுமை. தேதி உங்கள் கையில் இருந்தால் மார்கழியையோ தையையோ கேளுங்கள்.

தொப்புளுக்குக் கீழே பல மாதங்கள் மரத்துப்போயிருக்கும். சிலருக்கு ஒரு பகுதி நிரந்தரமாகவே. அங்கே வெந்நீர்ப் பை ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. வீட்டுப் பெரியவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். வீக்கம் வடிய மூன்று முதல் ஆறு மாதம், தழும்பு வெளிற ஒன்றரை ஆண்டு வரை ஆகும். அதுவரை சிலிக்கான் ஜெல்லோ ஷீட்டோ வாங்கிக்கொண்டிருக்க வேண்டும். தளர்ந்த தோல் வெட்டித் தைத்த பிறகும் மறுபடி கொஞ்சம் தளரும் இயல்புடையது என்பதால், சிலருக்குச் சிறு திருத்த அறுவை தேவைப்படும்.

காப்பீட்டில், இந்தியாவின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது விலக்குகளில் எட்டாவது எண் இதைப் பற்றியது. அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் இல்லை; விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், நேரடியான உடனடி உடல்நல ஆபத்தை நீக்குவதற்கு அவசியம் என்று சிகிச்சை தரும் மருத்துவர் சான்றளித்தவற்றுக்கும் விலக்கு பொருந்தாது. ஆகவே திரும்பத் திரும்பத் தொற்று வந்ததற்குச் சான்று உள்ளவர் பானிகுலெக்டமிக்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். டம்மி டக்குக்கும் பாடி லிஃப்டுக்கும் கையிலிருந்து கட்டத் தயாராக இருங்கள். அழகுக்கான பிளாஸ்டிக் சர்ஜரிக்கு மருத்துவச் சேவைக்கான ஜி.எஸ்.டி. விலக்கும் கிடையாது, மருத்துவமனை சொல்லும் தொகையில் வரி அடங்கியிருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சென்னையில் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவற்றில் பிளாஸ்டிக் சர்ஜரி துறைகள் உள்ளன. தனியாரில் செய்துகொள்ளப்போகிறவர்கள்கூட அங்கே புறநோயாளியாகப் போய் ஒரு கருத்துக் கேட்டு வருவது வீண்போகாது.

## கையும் தொடையும்

மேல்கைத் தோலுக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை தழும்பு வரும். அரைக்கை ரவிக்கை அதை முழுவதும் மறைக்காது. உள்தொடையில் ஈரமும் உராய்வும் இருப்பதால் காயம் மெதுவாக ஆறும். எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்ற யோசனை பணத்தை மிச்சப்படுத்தலாம்; ஆனால் நேரமும் ரத்த இழப்பும் கூடும். மூன்று மாத இடைவெளியாவது விட்டுப் பகுதி பகுதியாகச் செய்வதே பாதுகாப்பு. வயிறு முடிந்த பிறகு, கை அவ்வளவு தொந்தரவில்லை என்று சிலர் நிறுத்திக்கொள்வதும் உண்டு.

## மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

கத்தியை எடுப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான டி.என்.பி. பட்டம் பெற்றவரா என்பதை மாநில மருத்துவ கவுன்சில் பதிவில் சரிபார்க்கலாம். "காஸ்மெட்டிக்" என்ற பலகை மட்டும் போதாது. தீவிர சிகிச்சைப் பிரிவும் ரத்த வங்கி வசதியும் அங்கேயே உண்டா, எடை குறைத்தவர்களுக்குச் செய்த அறுவைகளின் படங்களைக் காட்டுவாரா, தையல் பிரிந்தால் மறுபடி தைப்பதற்கு யார் பணம் கட்டுவது ஆகியவற்றைக் கேளுங்கள். பெரிய அறுவையைப் பரிந்துரைத்தால், "இதில் பாதியை மட்டும் இப்போது செய்தால் நான் எதை இழப்பேன்?" என்று கேளுங்கள். உங்கள் உடம்பைத் தொட்டுக் காட்டி, எந்த இடத்தில் தோல் குவியும், எது பிறகு செய்ய முடியாமல் போகும் என்று விளக்குகிறவரிடம் தேதி குறிக்கலாம். தள்ளுபடி இந்த வாரம்தான் என்று பதில் வந்தால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.